கேள்வியோடு கப்பல் ஏறிய பேராசிரியர்!

1909-ம் ஆண்டு பிப்ரவரி 2-ம் தேதி, பகல் ஒரு மணி. அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்திலிருந்து சீனாவை நோக்கி ஒரு கப்பல் கிளம்பியது. அதில் இருந்தவர்களில் ஒருவர் ஃபிராங்க்ளின் ஹிராம் கிங். மண்ணியல் பேராசிரியர். வயது 60. நம்மூரில் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புகிற வயது. அவர் கிளம்பியதோ ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளைப் பார்க்க!

பிப்ரவரி 19-ம் தேதி ஜப்பானின் யோகோஹாமா. மார்ச் 1-ம் தேதி சீனாவின் ஷாங்காய். அங்கே தொடங்கி, சீனா, மஞ்சூரியா, கொரியா, மறுபடியும் ஜப்பான் என்று பல மாதங்கள் சுற்றினார். படித்தவர் ஒருவர் படிக்காதவர்களிடம் பாடம் கேட்கப் போன பயணம் அது. வேளாண் சுற்றுலாவுக்கும், பட்டறிவுப் பயணத்துக்கும், முன்னோடி விவசாயிகளின் தோட்டத்துக்கும் கிளம்புகிற எல்லோருக்கும் அந்தப் பயணத்தில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

வேலையை உதறிய காரணம்

கிங் சாதாரண ஆள் இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1888-ம் ஆண்டு முதல் வேளாண் இயற்பியல் பேராசிரியர். மண்ணுக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது, வேருக்குக் காற்று எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஆராய்ந்தவர். மாட்டுக்கொட்டகைக்கு அவர் வகுத்த காற்றோட்ட முறைக்கு அவர் பெயரே நிலைத்தது. பசுந்தீவனத்தைப் பதப்படுத்தி வைக்கும் உருளை வடிவ சைலோ பரவியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

1902-ம் ஆண்டு அமெரிக்க வேளாண்மைத் துறையில் மண் மேலாண்மைப் பிரிவுக்குத் தலைவரானார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 'மண்ணில் உள்ள சத்து தீரவே தீராது. விளைச்சல் குறைந்தால் அதற்கு மண்ணின் நயமும் ஈரப்பதமும்தான் காரணம்' என்பது மேலிடத்தின் நம்பிக்கை. கிங் செய்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்லின. கரையும் சத்து கூடுதலாக உள்ள மண்ணில் விளைச்சலும் கூடுதலாக இருந்தது. அப்படியானால், எடுத்த சத்தைத் திருப்பிக் கொடுக்காமல் காலம் தள்ள முடியாது. அவருடைய ஆய்வறிக்கைகளில் சிலவற்றை வெளியிட மேலிடம் சம்மதிக்கவில்லை. 1904-ம் ஆண்டு வேலையை விட்டு வெளியேறினார் கிங். அந்த அறிக்கைகளைத் தானே அச்சிட்டு வெளியிட்டார்.

வேலை போனது. கேள்வி மட்டும் போகவில்லை. அமெரிக்காவில் ஆளுக்கு 20 ஏக்கருக்கும் மேல் நிலம் இருந்தது. உழத் தொடங்கி நூறு வருஷம்கூட ஆகாத மண் அதற்குள் களைத்துக்கொண்டிருந்தது. கிழக்கு ஆசியாவிலோ ஆளுக்கு 2 ஏக்கர் இருந்தால் அதிகம். அதிலும் பாதிக்கு மேல் சாகுபடிக்கு ஆகாத மலை. அந்த மண்ணை 4,000 வருஷமாக உழுகிறார்கள், இன்னும் சோறு போடுகிறது. எப்படி? இந்தக் கேள்விதான் அவரைக் கப்பல் ஏற்றியது.

இரண்டரை ஏக்கர், பன்னிரண்டு வயிறு

போன இடங்களில் மொழிபெயர்ப்பாளரைக் கூட வைத்துக்கொண்டு, வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களிடமே போய் நின்றார் கிங். விவசாயி, தோட்டக்காரர், பழ மரம் வளர்ப்பவர் என்று நேராகக் கேட்டார். அளந்தார், குறித்துக்கொண்டார், படம் எடுத்தார்.

ஷான்டுங் மாகாணத்தில் ஒரு விவசாயியைச் சந்தித்தார். குடும்பத்தில் 12 பேர். ஒரு கழுதை, ஒரு மாடு, இரண்டு பன்றி. கழுதையும் மாடும் உழைப்புக்கு மட்டும். இத்தனை உயிருக்கும் இருந்த சாகுபடி நிலம் இரண்டரை ஏக்கர். அதில் கோதுமை, தினை, சர்க்கரைவள்ளி, அவரை வகை. இரண்டரை ஏக்கரில் குடும்பம் நடத்துவது என்றால் என்ன என்பது நம்மூர் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிங்குக்கோ அது நம்ப முடியாத கணக்கு. 'இந்த நிலத்துக்குச் சத்து எங்கிருந்து வருகிறது?' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டே மீதிப் பயணம் முழுக்க நடந்தார்.

பதில் எல்லா இடத்திலும் சிதறிக் கிடந்தது. வாய்க்கால் தூர்வாரிய சேற்றை வீணாக்காமல் கூடை கூடையாக வயலுக்குச் சுமந்தார்கள். தெற்கே கேன்டன் பக்கம் மல்பெரித் தோட்டங்களில் ஏக்கருக்கு 70 டன்னுக்கும் மேல் வாய்க்கால் சேறு போட்டதைக் குறித்திருக்கிறார். வேறோர் இடத்தில், நெல்லுக்கு முன்னால் பயறு வகையைச் சேர்ந்த ஒரு தழைப் பயிரை வளர்த்து, அறுத்து, வாய்க்கால் ஓரம் குவித்து, அடுக்கு அடுக்காகச் சேற்றைப் பூசி மூடியிருந்தார்கள். 20 முதல் 30 நாள்கள் அது நொதித்து மக்கிய பிறகு வயலுக்குப் போனது. கொழுஞ்சியும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுகிறவர்களுக்கும், கோடையில் கண்மாய் வண்டலை வண்டி கட்டி அடித்தவர்களுக்கும் இதில் அந்நியமாக எதுவும் இல்லை.

அடுப்புச் சாம்பல் வயலுக்குப் போனது. பாதையில் கழுதை போட்ட சாணத்தைச் சிறுவர்கள் கூடையில் பொறுக்கினார்கள். கிங்கை அதிகம் திகைக்க வைத்தது ஷாங்காய் நகரம்தான். 1908-ம் ஆண்டு, வீடுகளிலும் பொது இடங்களிலும் சேரும் மனிதக் கழிவை அள்ளிக்கொண்டு போகும் உரிமையை நகர நிர்வாகம் ஒரு ஒப்பந்தக்காரருக்கு விற்றிருந்தது. அள்ளியது 78,000 டன். அதற்காக அவர் நகரத்துக்குக் கட்டிய பணம் 31,000 டாலருக்கும் மேல். அமெரிக்க நகரங்கள் அதே கழிவை ஆற்றிலும் கடலிலும் தள்ளிவிடச் செலவு செய்துகொண்டிருந்தன. இங்கே காசு கொடுத்து வாங்கிப் போனார்கள். வயலிலிருந்து நகரத்துக்குப் போன சத்து, படகேறி மறுபடியும் வயலுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

நாற்றங்காலில் ஓர் அதிசயம்

கிங்கின் குறிப்புகளில் நம்மூர் விவசாயிகளுக்குச் சிரிப்பு வரவைக்கும் பகுதி ஒன்று உண்டு. அது நெல் நாற்றங்கால். ஓர் ஏக்கரில் நாற்று விட்டால் பத்து ஏக்கருக்கு நடலாம். நாற்று வளரும் 30 முதல் 50 நாள்கள்வரை மீதி ஒன்பது ஏக்கரில் முந்தைய பயிர் நிற்கலாம், தண்ணீரும் மிச்சம் என்று வியந்து வியந்து எழுதுகிறார். நேரத்தையும் இடத்தையும் இப்படி மிச்சம் பிடிப்பது பெரிய மதிநுட்பம் என்பது அவர் எண்ணம். 8 சென்ட் நாற்றங்காலை வைத்து ஓர் ஏக்கர் நடுகிறவர்களுக்கு இது அன்றாட வேலை. அதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

பயணம் சொல்லும் முதல் பாடம் அதுதான். நம் கையில் இருக்கும்போது பழக்கமாகத் தெரிவது, வெளியாள் பார்வையில் அறிவாகத் தெரிகிறது. கோதுமை அறுப்பதற்கு முன்பே அதன் வரிசைகளுக்கு நடுவில் பருத்தி விதைத்திருந்ததையும் கிங் இதே வியப்போடு எழுதினார். அதைச் செய்த விவசாயி அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார். அப்பா செய்தார், அவரும் செய்தார், அவ்வளவுதான்.

அப்படி நினைப்பதில் ஆபத்தும் உண்டு. பெரிதாக நினைக்காத ஒன்றை விடுவதும் சுலபம். 4,000 வருஷ மண் வளத்துக்கு எடுத்துக்காட்டாக கிங் காட்டிய அதே சீனா, பிற்பாடு உலகிலேயே அதிகம் ரசாயன உரம் போடும் நாடாக மாறியது. நம்மூரிலும் கிடை போட்ட வயல், எருக்குழி வைத்த வீடு, வண்டல் அடித்த கொல்லை எல்லாம் ஒரு தலைமுறைக்குள் குறைந்துவிட்டன.

படத்தில் விழாத பாரம்

இவ்வளவையும் படிக்கிறபோது, 'ஆஹா, அப்படியே செய்துவிடலாம்' என்று தோன்றும். கிங்கின் குறிப்புகளை முழுக்கப் படித்தால் அந்த ஆசை கொஞ்சம் அடங்கும். அந்த வளத்துக்குப் பின்னால் இருந்தது மனிதத் தோள். சேறு, எரு, நாற்று, விளைச்சல் அத்தனையும் காவடிக் கம்பில் தொங்கித்தான் போயின. குடும்பம் முழுக்க, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உழைத்தது. ஊர் ஊராகப் பின்னிக் கிடந்த வாய்க்கால்கள் பல தலைமுறைகள் சேர்ந்து வெட்டியவை.

கழிவு விஷயத்திலும் அப்படித்தான். பச்சைக் கழிவு வயலுக்குப் போனால் குடற்புழுவும் நோயும் கூடவே வரும். அங்கே மக்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பெரும்பாலும் தேநீராகவே குடித்ததை கிங் கவனித்து எழுதினார். நோய் வராமல் தடுத்ததில் அந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றும் சொன்னார். உரத்தை மட்டும் பார்த்து, கொதிநீரைப் பார்க்காமல் வந்தவர் பாதிப் பாடத்தோடு திரும்பியவர் ஆவார்.

பயணத்தின் இரண்டாவது பாடம் இது. கண்ணில் படுவது விளைச்சல். அதைத் தாங்கி நிற்பது கண்ணில் படாது. அடுத்தவர் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து கடன் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஈமு கோழிக் கொட்டகைகளைப் பார்த்து மயங்கிப் பணத்தைப் போட்டு, 2012-ம் ஆண்டு வாக்கில் அத்தனையும் இழந்த குடும்பங்கள் கொங்குப் பகுதியில் ஏராளம். பறவை கண்ணில் பட்டது. அதை வாங்க ஆள் இல்லை என்பது கண்ணில் படவில்லை.

எழுதப்படாத கடைசி அத்தியாயம்

ஊர் திரும்பிய கிங், பார்த்ததை எல்லாம் புத்தகமாக எழுதத் தொடங்கினார். 'நாற்பது நூற்றாண்டு உழவர்கள்' என்ற பொருள் தரும் தலைப்பு. 'சீனாவும் ஜப்பானும் உலகுக்குச் சொல்லும் செய்தி' என்பதுதான் கடைசி அத்தியாயமாக வந்திருக்க வேண்டும். பயணத்தின் சாரம் முழுக்க அதில்தான் இருந்திருக்கும். அதை எழுதி முடிப்பதற்குள், 1911-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கிங் இறந்துபோனார்.

கையெழுத்துப் பிரதியை எடுத்துப் புத்தகமாக்கியவர் அவருடைய மனைவி கேரி. அதே வருஷம், மேடிசன் நகரில், தன் பொறுப்பிலேயே வெளியிட்டார். கடைசி அத்தியாயம் இல்லாமலே புத்தகம் வந்தது. அந்த அம்மா மட்டும் அந்தத் தாள்களைப் பரணில் போட்டிருந்தால், ஒரு மனிதன் வேலையைத் துறந்து, கடல் கடந்து கேட்டுவந்த பதில்கள் அவரோடு மண்ணுக்குப் போயிருக்கும்.

அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று இந்தியா. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1905-ம் ஆண்டு பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்கு வந்தவர். சுற்றியிருந்த விவசாயிகளின் பயிரில் மருந்து எதுவும் இல்லாமலே பூச்சித் தொல்லை குறைவாக இருப்பதைப் பார்த்து, அந்த விவசாயிகளையும் பூச்சிகளையுமே தன் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். பிறகு இந்தூரில் 1924-ம் ஆண்டு முதல் 1931-ம் ஆண்டுவரை செய்த வேலையில், பண்ணைக் கழிவையும் சாணத்தையும் அடுக்கி மக்க வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இன்றும் 'இந்தூர் முறை கம்போஸ்ட்' என்று பாடம் நடத்துவது அதைத்தான். கிழக்கு ஆசிய உழவர்களைப் பற்றி கிங் எழுதியதை ஹோவர்டு மதித்துப் படித்து, தன் புத்தகத்திலும் எடுத்துச் சொன்னார். சீன விவசாயியின் பழக்கம் ஓர் அமெரிக்கரின் புத்தகம் வழியாக இந்தியாவில் வேலை செய்த ஆங்கிலேயரை எட்டியது. இங்கே நம் விவசாயிகளிடம் கற்றதோடு அது சேர்ந்தது.

நம்மூரில் நடந்தவர்கள்

இப்படி வேலையை விட்டுவிட்டு விவசாயிகளிடம் பாடம் கேட்கக் கிளம்பியவர் நம்மூரிலும் உண்டு. கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த நம்மாழ்வார், மானாவாரி விவசாயிக்கு அந்த ஆராய்ச்சி உதவவில்லை என்று தோன்றியதும் வெளியேறியவர். பிறகு அவர் வாழ்க்கையே பயணம்தான். பஸ்ஸிலும் ரயிலிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய், சொன்னதற்குக் குறையாமல் கேட்டார்.

அவருடைய நடைப்பயணங்களில் சேர்ந்து நடந்தவர்களில் ஒருவர் நெல் ஜெயராமன். வழியில் பெரியவர்களிடமிருந்து கைக்கு வந்த சில பாரம்பர்ய நெல் ரகங்களில் தொடங்கியது அவர் தேடல். 2018-ம் ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தபோது, மீட்டெடுத்த ரகங்களின் எண்ணிக்கை 174. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வந்தவர்களுக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. பயணத்தில் கிடைத்ததைத் தன் வீட்டுக் குதிருக்குள் வைக்காமல் மறுபடியும் பயணம் அனுப்பியதால்தான் அந்த ரகங்கள் இன்றைக்குப் பல மாவட்டங்களில் விளைகின்றன.

வேன் ஏறும் முன்...

வேளாண் சுற்றுலா வேன் ஒரு தோட்டத்தில் வந்து நின்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். இருபது பேர் இறங்குவார்கள். செல்போனில் படம் எடுப்பார்கள். 'அண்ணே, ஏக்கருக்கு எவ்வளவு நிக்கும்?' என்பது முதல் கேள்வி. பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வி. அவர் ஒரு தொகையைச் சொல்வார். அந்தத் தொகை வேன் ஏறி ஊர் வந்து சேரும். மீதி எதுவும் வராது.

கிங் போல ஒரு கேள்வியை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போனால் பயணம் வேறு விதமாக இருக்கும். 'என் தென்னையில் ஏன் குரும்பை கொட்டுகிறது?', 'என் கிணறு ஏன் பங்குனியிலேயே வற்றுகிறது?' என்று சொந்த நிலத்தின் சிக்கல் ஒன்று கையில் இருக்க வேண்டும். பார்க்கிற தோட்டத்தில் அதற்கு விடை இருக்கிறதா என்று கண் தானாகத் தேடும்.

லாபத்தைக் கேட்கிற அதே வாயால், 'எந்த வருஷம் நஷ்டம் வந்தது, ஏன் வந்தது?' என்றும் கேட்கலாம். வீட்டு ஆள்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கூலி ஆள் எத்தனை பேர், தண்ணீர் எந்த மாதம் வரைக்கும் வருகிறது, விளைந்ததை யார் வாங்குகிறார், எவ்வளவு தூரத்தில் வாங்குகிறார் என்று கேட்டால் படத்தில் விழாத பாரம் தெரிந்துவிடும். அந்த வீட்டுப் பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசினால் இன்னும் நல்லது. விதையை எடுத்து வைப்பதும், மாட்டைப் பார்ப்பதும், களை எடுக்கிற ஆள் கிடைக்காமல் தவிப்பதும் பல வீடுகளில் அவர்கள்தான். முடிந்தால் அறுவடைக் காலத்தில் ஒரு முறையும், கோடையில் ஒரு முறையும் போக வேண்டும். பச்சையாக இருக்கும்போது எல்லாத் தோட்டமும் அழகுதான்.

திரும்பி வந்ததும், கேட்டதை அன்றைக்கு இரவே ஒரு நோட்டில் எழுதிவிடுவது நல்லது. வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லியும் வைக்க வேண்டும். கிங்கின் பயணம் அவர் மனைவிக்குத் தெரிந்திருந்ததால்தான் பிழைத்தது. பிறகு, புதிதாகக் கேட்ட எதையும் 5 சென்ட்டில் மட்டும் ஒரு போகம் செய்து பார்க்கலாம். 5 சென்ட்டில் தோற்றால் அது பாடம். 5 ஏக்கரில் தோற்றால் அது கடன்.

இன்னொரு பக்கமும் உண்டு. யாராவது ஒருவர், வெளியூர்க்காரராகவோ படிக்கிற பிள்ளையாகவோ, வரப்பில் வந்து நின்று, 'ஏன் இப்படிச் செய்யறீங்க?' என்று கேட்டால், 'எங்க அப்பா அப்படித்தான் செஞ்சாரு' என்று சொல்லி அனுப்பிவிட வேண்டாம். கொஞ்ச நேரம் மம்பட்டியை வைத்துவிட்டு, ஏன் என்று யோசித்துச் சொல்லலாம். ஷான்டுங்கில் 12 பேர் குடும்பத்தைக் காப்பாற்றிய அந்த விவசாயியின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் வேலையை நிறுத்திவிட்டு ஒரு வெளிநாட்டுக்காரருக்குப் பதில் சொன்னதால்தான், இரண்டரை ஏக்கரில் அவர் போட்ட கணக்கு நூறு வருஷம் தாண்டி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.